யாருக்கு மறுமொழி?

என் மாணவன் ஒருவனின் தாயார் முகத்திரை அணிந்தே பாடசாலைக்கு வருவார். மகனின் படிப்பைப்பற்றி அவர் வினவும்போதெல்லாம், உடன்வந்த கணவரை நோக்கியே நான் மறுமொழி கூறுவேன். அவர் முறுவலிக்கின்றாரா, முகஞ்சுளிக்கின்றாரா என்றறியாத தயக்கம். அதற்கு மரியாதை என்று பெயரிட்டுக்கொண்டேன்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர், அவசரகால விதிகளின்கீழ் அம்மாதம் 29ஆம் திகதி முகத்திரை தடைசெய்யப்பட்டது. அதன்பின் அவர் வரவில்லை. ஓகஸ்டில் அவசரகாலநிலை நீங்கிய பின்னரே மீண்டும் வந்தார், தனியாக.

“ஸேர், மகன்ட கட்டுரையில என்ன பிழை எண்டு எனக்குச் சொல்லுங்க. வீட்டில படிப்பிக்கிறது நான்தான்.”

அன்றுதான் அவருக்கே விடையளித்தேன். வகுப்பறையில் இன ஒற்றுமை போதிக்கும் நான், அந்த நான்கு மாதங்களில் ஒருமுறையேனும் அவரைப்பற்றி மாணவனிடம் விசாரித்தேனல்லேன். முகத்திரையை அணிவதா, களைவதா என்பதை அப்பெண்களே தீர்மானிக்கட்டும். அவருடன் நேரே பேசுவதற்கு எனக்கு எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்கவில்லை.