காளிகாட் மொட்டைமாடியில் ஒரு கம்பி

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. காளிகாட் பட்டுவாபாடாவில் காளி சிலைகளுக்குக் கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு பழைய மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் பந்தல் தொழிலாளி ஒருவர் முப்பதடி மூங்கிலைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கயிறு வரிந்துகொண்டிருந்தார். மேதினிபூர்க்காரர். பூஜைப் பந்தல்களுக்கு நடுவே இந்த ஒரு மூங்கிலுக்காக வருடாவருடம் வந்துவிடுவாராம். இழுத்து, திருகி, குச்சியால் முறுக்கி அவர் போட்ட முடிச்சை நான் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

வீட்டுக்காரர் தமிழர். தென்கிழக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருட ஹாம். ஹாம் என்றால் அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, காசு வாங்காமல் வானொலியில் உலகத்தோடு பேசுகிறவர். மூங்கில் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கூரைச் சரிவு மாதிரி இறங்கும் செம்புக் கம்பிதான் அவருடைய ஆன்டெனா.

“143-ஐ மெகாஹெர்ட்ஸால வகுங்க தம்பி, மீட்டர் வந்துடும்” என்றார். 7.15-க்கு 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. ஆனால் அவர் வெட்டியது பத்தேகாலுக்கும் மேல். “கூட இருந்தா நறுக்கலாம். குறைஞ்சா ஒட்டுப்போடணும்.” மீட்டரைப் பார்ப்பார், கம்பியை இறக்குவார், இரு முனையிலும் விரற்கடை அளவு நறுக்குவார், மறுபடி ஏற்றுவார். ஆறு தடவை. திரும்பி வரும் அலையின் அளவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். முள் 2-க்கு மேலிருந்து 1.3-க்கு இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. வாங்கின ஆன்டெனாவில் இந்த விரல்பழக்கம் வராது என்பதை நானும் நம்புகிறேன்.

மறுநாள் காலை 5.30-க்கு ‘சிக்யூ வேர்ல்ட் வைட்’ போட்டி தொடங்கியது. அக்டோபர் கடைசி வார இறுதியில் குரலுக்கு, நவம்பரில் மோர்ஸுக்கு. ஒவ்வொன்றும் 48 மணி நேரம். எதிராளியின் அழைப்புக்குறியைச் சரியாகப் பிடித்து, ‘ஃபைவ் நைன், டூ டூ’ என்று சொல்லி, அவர் சொல்வதையும் வாங்கிக் குறிக்க வேண்டும். 22 நம் மண்டல எண். வேறு கண்டத்துக்கு மூன்று புள்ளி, அதே கண்டத்து வேறு நாட்டுக்கு ஒன்று. ஜப்பான் எவ்வளவு தூரமானாலும் ஆசியாதான், ஒரு புள்ளி. அதைவிடப் பக்கத்தில் இருக்கும் இந்தோனேசியா ஓசியானியாவில் சேர்ந்துவிடுவதால் மூன்று.

ஞாயிறு, தீபாவளி. லேக் மார்க்கெட்டில் உறவினர் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாலையில் போனேன். அன்றிரவே காளி பூஜை. சந்து முழுக்க சரவிளக்கு. அந்த மலிவான எல்.இ.டி. விளக்குகளின் மின்சாரப் பெட்டிகள் ஒவ்வொன்றும் சின்ன ஒலிபரப்பிதான். காதில் விழும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் முள் ஏழுக்குக் கீழே இறங்கவே இல்லை. போதாததற்கு, பதினோரு வருடத்துக்கொரு முறை வரும் சூரியனின் மந்தக் காலம் அது. அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்துக்கே தெம்பில்லை. அந்த மண்டலத்தை இதே ஊரில் இருந்து ஆராய்ந்தவர்கள் சிசிர் குமார் மித்ராவும் அவர் குழுவினரும். இந்தியாவில் முதல் ஹாம் உரிமம் பெற்றவரும் ஒரு வங்காளி: 1921-ல் அமரேந்திர சந்திர குப்தா, அழைப்புக்குறி 2ஜேகே. அதே வருடம் முகுல் போஸும் வந்து சேர்ந்த பிறகுதான் பதில் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது.

இரைச்சலைக் குறைக்க வீட்டுக்காரர் பழைய டி.வி.யிலிருந்து கழற்றிய ஃபெரைட் வளையங்களில் கேபிளைச் சுற்றி வைத்திருந்தார். ரேடியோவை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து லாரி பேட்டரியில் போட்டிருந்தார். அப்படியும் ஹெட்ஃபோனில் எனக்குக் கேட்டது இரைச்சல் மட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஜூலியட் ஆல்ஃபா…” என்று முணுமுணுத்தார். பக்கத்தில் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்த கல்லூரிப் பையன், “காகு, ஜப்பான்!” என்றான்.

எட்டரை மணிக்கு ஒரு ராக்கெட் வந்து விழுந்து நைலான் கயிற்றைப் பொசுக்கிவிட்டது. கம்பியின் ஒரு பக்கம் அடுத்த வீட்டு மாடியில் கிடந்தது. கீழே பந்தலிலிருந்து மேதினிபூர்க்காரர் ஓடி வந்து, தேங்காய்நார்க் கயிறு போட்டு இருபது நிமிடத்தில் ஏற்றிக் கட்டினார். காசு வாங்கவில்லை, சந்தேஷ் இனிப்பு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த இருபது நிமிடத்தில்தான் கங்காசாகர் பேச்சு வந்தது. ஒவ்வொரு ஜனவரியும் மகர சங்கராந்தித் திருவிழாவுக்கு வீட்டுக்காரர் நண்பர்களோடு அங்கே போய்விடுவார். லாட் எட்டில் படகேறி, முரிகங்கா ஆற்றைக் கடந்து, கச்சுபேரியாவிலிருந்து முப்பது கிலோமீட்டர் பஸ். கூட்டத்தில் செல்போன் திணறும்போது, கையடக்க ரேடியோவோடு ஹாம்கள் நிற்பார்கள். தொலைந்துபோன கிழவிகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாது. அதையும் பாதி அழுகையில் சொல்வார்கள். மேற்கு வங்க ரேடியோ கிளப் இப்படிப் பலரை வீடு சேர்த்திருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் அப்படியே மீட்புச் செய்திக்கு மாறியதையும் சொன்னார்.

“அழுதுகிட்டே சொல்ற பேரைப் பிடிக்க இந்தக் காதுதான் வேணும்” என்றார். “இங்க ராத்திரி முழுக்க பழகுறது அதைத்தான்.”

மூன்றரை மணிக்குப் பந்தல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முள் ஏழிலிருந்து நான்குக்கு வந்தது. இரைச்சல் படுதா விலகின மாதிரி, அதுவரை இல்லாத குரல்கள் தூரத்தில் எழுந்தன. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஹெட்ஃபோனின் ஒரு காதை என் பக்கம் திருப்பினார். கானரித் தீவுகள், மண்டலம் 33. அந்தப் பக்கத்திலிருந்து அவர் குறியைத் தப்பாகச் சொன்னார்கள், திருத்தினார். மறுபடி தப்பு, மறுபடி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. மூன்றாம் தடவை சரியாக வந்தது. பையன் பதிவில் தட்டி முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

5.30-க்குப் பேட்டரியைக் கழற்றினார். கோயில் பக்கத்திலிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டது. மாடிக்குப் போய் நார்க்கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நவம்பர் மோர்ஸ் வரைக்கும் இது இருக்கட்டும்” என்றார்.