சிங்க் மூலையில் ஒரு கோடு

மதுரையில் கிரானைட் அறுத்துச் சமையல் மேடை போட்டுக் கொடுப்பது என் தொழில். கல்லைப் பற்றி வாங்குபவருக்குத் தெரியாது என்பதை எனக்குச் சாதகமாக்கிக்கொண்டு நான் பொய் சொல்லியிருக்கிறேன். கல்லோடு பிறந்த குறையையும் என் பட்டறையில் உண்டான சேதத்தையும் ஒன்றாகக் கலந்து, எல்லாப் பழியையும் மலையின் மேல் போட்டிருக்கிறேன். அந்தப் பொய்களில் ஒன்றால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது.

பொய் சொல்வது எளிதாக இருந்ததற்குக் காரணம், அதில் பாதி உண்மை. புது மேடை போட்ட வீட்டிலிருந்து வரும் முதல் புகார் பெரும்பாலும் சாயங்கால வெயிலில்தான் பிறக்கும். ஜன்னல் வழியாக வெளிச்சம் கல்லின் மேல் சாய்ந்து விழும்போது, மேலே விளக்கைப் போட்டுப் பார்த்தபோது தெரியாத ஊசிமுனைக் குழிகள் எல்லாம் கண்ணில் படும். காசு கொடுத்தவருக்கு வயிறு எரியும். ஆனால் அந்தக் குழிகள் பழுது அல்ல. கிரானைட் என்பது ஒரே பொருள் இல்லை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று பல கனிமங்கள் இறுகிச் சேர்ந்தது. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. பயோடைட் என்கிற கறுப்பு மைக்கா 3-ஐத் தாண்டாது. வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக அடுக்கியிருக்கும் அது, பாலிஷ் சக்கரம் ஓடும்போது உரிந்து போய்விடும். பக்கத்தில் இருக்கும் குவார்ட்ஸ் அசையாமல் நிற்கும். அந்த இடத்தில்தான் குழி. தொழிற்சாலையில் எப்பாக்ஸி பிசினைத் தடவிக் குழிகளை நிரப்பிவிட்டுத்தான் பாலிஷ் போடுகிறார்கள். அதற்கும் தப்பியவை மிஞ்சும். மயிரிழை போல ஓடும் சில கோடுகளும் அப்படித்தான். கல் பூமிக்கடியில் அழுத்தத்தில் கிடந்த காலத்திலேயே விழுந்தவை. மணிகளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். நகத்தை ஓட்டினால் தட்டாது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதவர்கள் குறைவு. நான் சொல்லவும் செய்தேன். நம்பினார்கள். நம்புகிறார்கள் என்று தெரிந்ததும் அதே விளக்கத்தை எதற்கு வேண்டுமானாலும் நீட்ட ஆரம்பித்தேன்.

மேடையின் முன்விளிம்பு மங்கலாக இருக்கிறது என்பார்கள். மேற்பரப்பு பெரிய இயந்திரத்தில் படிப்படியாகப் பாலிஷ் ஆனது. விளிம்பை நாங்கள் கை மிஷினில் தேய்க்கிறோம். 50, 100, 200 என்று நம்பர் நம்பராகத் தேய்த்துக்கொண்டே 3000 வரை போக வேண்டும். நடுவில் இரண்டு நம்பரைத் தாண்டிவிட்டால் நேரம் மிச்சம், விளிம்பு மங்கல். அதையும் 'கல்லோட குணம் சார்' என்றிருக்கிறேன். கறுப்புக் கல்லில் அதைவிட மோசம். ஆந்திராவின் சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸி மாதிரி அசல் கறுப்புக்கு விலை அதிகம். சாம்பல் நிறக் கல்லில் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் துணியில் கறுப்பு இறங்கிவிடும். அந்தச் சோதனை எனக்குத் தெரியும். சில லோடுகளை நான் துடைத்துப் பார்க்கவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும் என்பதற்காகவே துடைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் வேலை போன பொய்க்கு வருகிறேன். அது ஒரு டீச்சர் வீட்டில் நடந்தது. ஓய்வுபெற்றவர். பி.எஃப். பணத்தில் சமையலறையைப் புதிதாக்கினார். காஷ்மீர் ஒயிட் தேர்ந்தெடுத்தார். பெயரில்தான் காஷ்மீர், கல் நம் தமிழ்நாட்டுக் கல். வெளிர் நிறத்தில் அங்கங்கே கருஞ்சிவப்பாகக் கார்னெட் மணிகள் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் தண்ணீரையும் எண்ணெயையும் கொஞ்சம் உறிஞ்சும் கல். சீலர் அடிக்க வேண்டும், அவ்வப்போது மறுபடியும் அடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். அதையும் நான் சொல்லவில்லை.

சிங்க்குக்கு ஓட்டை அறுத்த பிறகு அதன் முன்னாலும் பின்னாலும் சில அங்குலப் பட்டைதான் மிஞ்சும். மொத்தக் கல்லில் பலவீனமான இடம் அதுதான். அறுக்கும் முன் நாலு மூலையிலும் துளை போட்டுவிட்டு, பிளேடைத் துளையோடு நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் மூலை வட்டமாக நிற்கும். விசை ஒரே புள்ளியில் குவியாது. பிளேடு மூலையைத் தாண்டி ஓடிவிட்டால் அந்த வெட்டிலிருந்து விரிசல் கிளம்பும். தூக்கும்போதும் கல்லைச் செங்குத்தாக நிறுத்தித் தூக்க வேண்டும், படுக்கை வாக்கில் தூக்கக் கூடாது. அன்றைக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் துளை போட வேண்டாம் என்று சொன்னது நான். படுக்கையாகவே தூக்குங்கள் என்று சொன்னதும் நான். பையன்கள் மேல் பிழையில்லை. அடியில் போட்டிருந்த கடப்பா கல்லின் மேல் இறக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிங்க்கின் முன்மூலையிலிருந்து விளிம்பு வரை நேராக ஒரு கோடு. வீட்டுக்காரர்கள் அந்நேரம் மாடியில் இருந்தார்கள்.

அதே கல்லின் தூளை எப்பாக்ஸியில் குழைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துவிட்டேன். கை தேர்ந்த வேலைதான். ஆனால் விரிசலின் ஒரு பக்கம் இம்மியளவு மேடாகிவிட்டிருந்தது. அதை மறைக்க முடியவில்லை.

டீச்சர் விரலை வைத்துப் பார்த்தார். "தம்பி, இது என்ன கோடு?"

"கல்லுக்குள்ளயே ஓடுறது டீச்சர். மலையில இருந்து வரும்போதே இருக்கும்."

"அப்படியா" என்றவர், முழுப் பணத்தையும் அன்றே எண்ணிக் கொடுத்தார்.

கொஞ்ச காலம் கழித்துக் கூப்பிட்டார். கோட்டில் மஞ்சளும் எண்ணெயும் இறங்கிக் கறுத்திருந்தது. எப்பாக்ஸியும் பழுப்பேறியிருந்தது. உண்மையைச் சொல்வதற்கு எனக்கு அது இரண்டாவது வாய்ப்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒழுங்கா துடைக்கலை டீச்சர். வேலைக்கு வர்றவங்ககிட்ட நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்க." அந்தப் பெண் அப்போது அங்கேயே, பாத்திரத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிறகு டீச்சரே என் கடைக்கு வந்தார், பூஜை அறைக்குக் கல் வாங்க. என்னை நம்பித்தான் மறுபடி வந்தார். பேச்சுவாக்கில், மேடைக் கறை போகவே இல்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஒரு நாள் வார்த்தை தடித்து அந்தப் பெண் நின்றுவிட்டாள், வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா என்றார். நான் தலையாட்டினேன். அட்வான்ஸ் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அன்றும் சொல்லவில்லை.

பூஜை அறைக் கல்லைப் பதிக்கப் போனபோதுதான் சமையலறையைப் பார்த்தேன். கோட்டின் இரு பக்கமும் துரு நிறத்தில் படர்ந்திருந்தது. கறை போகவில்லை என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் இருக்கும் இரும்பை ஆசிட் கிளறிவிடும். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கூடும். அந்தப் பெண் வெறுங்கையில்தான் தேய்த்தாள், கையெல்லாம் தோல் உரிந்திருந்தது என்று டீச்சர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பையன்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன். அவசரத்தில் அறுத்தது, உடைந்தது, ஒட்டியது, பொய் சொன்னது, அழுத்தித் தேய்க்கச் சொன்னது, எல்லாவற்றையும்.

டீச்சர் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார். "அவளை எவ்வளவு பேசியிருக்கேன்" என்றார். கல்லை என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றேன். "கல்லு கிடக்கட்டும்யா. அவகிட்ட போய்ச் சொல்லு."

அந்தப் பெண் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நம்பர் வாங்கிப் பேசினேன். யார் என்று முதலில் பிடிபடவில்லை. மேடை போட்டவன் என்றதும் அமைதியாகிவிட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

"அது கறை இல்ல, வெடிப்புன்னு நான் அப்பவே சொன்னேண்ணே. தினமும் துடைக்கிறேன்ல, அந்த இடத்துல துணி மாட்டும். நல்ல கல்லுல துணி மாட்டாது. யாரும் கேக்கல."

எனக்கு வார்த்தை வரவில்லை. சாயத்துக்கும் விரிசலுக்கும் எனக்குத் தெரிந்த சோதனைகளை எல்லாம் நான் மூடி வைத்திருந்தேன். அவர் ஒரு ஈரத் துணியை வைத்தே கண்டுபிடித்து, வாய்விட்டும் சொல்லியிருக்கிறார்.

"டீச்சர்கிட்ட சொல்லுங்கண்ணே," என்றார். "நீங்க கண்டுபிடிச்ச மாதிரி சொல்லாதீங்க. நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுங்க."

அன்று மாலையே போய், அவர் சொன்னபடியே சொன்னேன்.