படிவத்தை நானே வாசிக்கிறேன்

உளவியலாளராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். மனச்சோர்வு என்று ஓ.பி.யிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரரை அனுப்பினார்கள். பெக் மனச்சோர்வு அளவுகோலைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். 21 கேள்விக்கும் முதல் விடையையே வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேடம் அதைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. பட்டறைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத் தானே வாசித்தார். மூன்றாவது கேள்வி தோல்வியைப் பற்றியது. அதில் அந்த மனிதர் அழுதுவிட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவர். ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துவிடும். அதை மனைவிக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். மேடம் என் வரியை அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

இப்படி மறைந்திருப்பது சிலரிடம் கவனக்குறைபாடாகவும் இருக்கலாம். ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் அந்தக் கவனக்குறைபாடு என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். “சின்ன வயசுல கவனம் சிதறுமா?” என்று கேட்டால் விடை வராது. “டிபன் பாக்ஸ் எத்தனை தொலைச்சீங்க?” என்று கேளுங்கள், கதை வரும். அம்மாவையோ அக்காவையோ கூட்டிவரச் சொல்லுங்கள். பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் பொன். ‘புத்தி இருக்கிறது, முயற்சி இல்லை’ என்று அதில் வாத்தியார் எழுதியிருப்பார். நாற்பது வயதில் அதே வாக்கியத்தை நம்மிடம் வந்தவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருப்பார். மாத்திரை கவனத்தைக் கூட்டும். அந்த வாக்கியத்தோடு நாம்தான் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

அவசரமும் வேண்டாம். தூக்கம், தைராய்டு, குடி மூன்றையும் விசாரிக்காமல் மறதிக்குப் பெயர் வைக்காதீர்கள். சாக வேண்டும்போல் இருக்கிறதா என்பதை நேராகவே கேளுங்கள்.

மனதில் ஓடுவதைக் குறித்துவைக்கும் எண்ணப் பதிவேட்டை வீட்டில் எழுதிவரச் சொல்லி நிறைய பேரை இழந்திருக்கிறேன். வெறுந்தாளோடு வர வெட்கப்பட்டு நின்றுவிடுவார்கள். இப்போது போனில் பேசிப் பதிந்துவரச் சொல்கிறேன், ஒரு நிமிடம் போதும். செஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே கூப்பிட்டு நினைவுபடுத்துகிறேன். தேதி மறப்பது அலட்சியமல்ல, அவர் எதற்காக வருகிறாரோ அதுதான்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் வாரம் படிவத்தைக் கொடுத்து, எனக்கு வாசித்துக் காட்டச் சொல்வேன். “ஆர்வமின்மை” என்று தொடங்குவார்கள். நிறுத்தி, பட்டறைக்காரரிடம் கேட்பதுபோல் கேளுங்கள் என்பேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு, “எதுலயும் மனசு ஒட்டலையாண்ணே?” என்று வரும்.