மின்னல் ரயில் எத்தனை மணிக்கு வரும்?

மந்திரம் மாயம் இருக்கிற உலகத்துல, ரயிலோட ஸ்பீடுக்காக யாராவது சண்டை போடுவாங்களா? எங்க ஹாஸ்டல்ல போட்டோம் பாஸ். அதுவும் ஒரு உயிர்ப் பிரச்னைக்காக!

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. நாலஞ்சு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துற விளையாட்டு. கதையை நடத்துறவர் பேர் டன்ஜன் மாஸ்டர். நாங்க ஆடுறது 2004-ல் வந்த ‘எபரான்’ உலகம். வாள், மந்திரத்தோட, 1930-கள் சாகசக் கதை ஸ்டைல்ல மின்னல் ரயிலும் ஆகாயக் கப்பலும் அங்கே உண்டு.

எங்க செட்ல ஒருத்தன் ரெண்டு வருஷமா ஆடி வளர்த்த கேரக்டருக்குக் காலை 6 மணிக்குத் தூக்கு. நாங்க இருக்கிறது 600 கி.மீ. தள்ளி. கதையில மணி பகல் 12. ஆக, 18 மணி நேரம். எதுல போறது?

எபரான் புத்தகத்துப்படி ரயில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. பன்னிரண்டரை மணி நேரத்துல போயிடலாம். ஆகாயக் கப்பல் 20 மைல், அதாவது 32 கி.மீ.தான். நாம போய் இறங்கும்போது மணி ஆறே முக்கால். பயல் தொங்கியிருப்பான்!

‘மந்திர ரயிலுக்கு வெறும் 48-ஆ?’னு ஒருத்தன் கொதிச்சான். நியாயமாத்தான் தோணும். 1938-லயே ‘மல்லார்ட்’ங்கிற பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் 203 கி.மீ. தொட்டுச்சு. ஆனா அது இறக்கத்துல, கொஞ்ச தூரத்துக்கு மட்டும். 1928-ல் லண்டன் - எடின்பரோ இடையே நடுவுல எங்கேயும் நிக்காம ஓடிய ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’, சுமார் 632 கி.மீ. தூரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிச்சு. சராசரி 80 கூட இல்லை. ஸ்டேஷன்ல நிக்கணும், வளைவுல ஸ்லோ பண்ணணும்னா இன்னும் குறையும். ஸோ, சராசரியா 48 ஓகே மக்களே.

இடிக்கிறது ஆகாயக் கப்பல்தான். 32 கி.மீ. வேகத்துல போற கப்பலுக்கு எதிரா 40 கி.மீ. காத்து அடிச்சா? முன்னாடி போகாது. மணிக்கு 8 கி.மீ. பின்னாடி போகும்! நெருப்பு பூதத்தைக் கட்டிப்போட்டு ஓட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. நிஜத்துல நடுவானத்துல 40 கி.மீ. காத்தெல்லாம் ரொம்ப சாதாரணம். அதனாலதான் நிஜ ஆகாயக் கப்பல்கள் வேகமா இருந்தாகணும். 1929-ல் உலகத்தைச் சுத்தி வந்த ‘கிராஃப் ஸெப்பலின்’, ஜெர்மனியில இருந்து டோக்கியோவுக்கு 11,000 கி.மீ.க்கு மேல சுமார் 102 மணி நேரத்துல பறந்துச்சு. சராசரி கிட்டத்தட்ட 110! 1936-ல் ‘ஹிண்டன்பர்க்’ ஜெர்மனியில இருந்து அமெரிக்கா போக சராசரியா 64 மணி நேரம், திரும்பி வர 52. அதே கப்பல், அதே ரூட். வித்தியாசம் பெரும்பாலும் காத்துதான்.

இதையெல்லாம் நோட்ல எழுதி மாஸ்டர்கிட்ட நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு ரூலை மாத்தினார். கப்பல் 110, ஆனா காத்துக்கு டைஸ். ரயில் நிச்சயம் 48, ஆனா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எதிரி ஏறலாம். அதுக்கப்புறம்தான் எங்களுக்கு நிஜமான சாய்ஸே வந்துச்சு. தூக்குக்கு நிக்கிறவன் பேசக் கூடாதுனு ரூல். நகத்தைக் கடிச்சுக்கிட்டு எங்களையே பார்த்தான்.

கப்பல்ல ஏறினோம். டைஸ் விழுந்துச்சு... எதிர்க்காத்து 70. மிச்சம் 40 கி.மீ.தான்! 15 மணி நேரம். போய்ச் சேரும்போது ராத்திரி 3 மணி. சிறைச் சுவரை உடைக்கக் கையில மூணே மணி நேரம். உடைச்சோம்!

இதே, ‘கரெக்ட் டைமுக்குப் போயிட்டீங்க’னு மாஸ்டர் ஒரே வரியில சொல்லியிருந்தா, அவனைக் காப்பாத்தினது நாங்க இல்லை, அவர்தான். வேகம் முன்கூட்டியே தெரிஞ்சா மட்டும்தான் ‘எதுல போறது’ங்கிற கேள்விக்கே மதிப்பு. நீங்களும் இப்படி ஒரு உலகத்தை நடத்துறீங்கன்னா, முதல் நாளே ரெண்டு நம்பரை எழுதி வெச்சிடுங்க. ரயிலுக்கு, நிறுத்தங்களையும் சேர்த்த சராசரி. கப்பலுக்கு, காத்து இல்லாதப்போ வேகம். காத்தை டைஸ் பார்த்துக்கும்!