லாரி பேக்கர் என்ற கொத்தனார்

திருவனந்தபுரம் போனால், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி குடிக்காமல் ரயில் ஏற எனக்கு மனசு வராது. சுழன்று சுழன்று மேலேறும் சரிவுத் தளம், சுவரோட்டத்தில் மேசைகள், துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது.

1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர். மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் அவரோடு மருத்துவமனை நடத்தினார். கல்லையும் மண்ணையும் வைத்து மலைக்காரர்கள் கட்டும் வித்தையை அங்கேதான் கற்றார். பிறகு கேரளம். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டு எழுப்பும் எலிப்பொறிச் சுவரைப் பரப்பினார். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். வீடும் குளுகுளுவென்று இருக்கும். மரம் குறுக்கே நின்றால் சுவர்தான் வளையும், மரம் விழாது. என்ன மனுஷன்!

மூன்று பிள்ளைகளோடு திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் வாழ்ந்த ‘ஹேம்லெட்’ வீடும் அவரே கட்டியது. பின்னாளில் இந்தியக் குடிமகனானார். 2007 ஏப்ரல் 1 அன்று, 90 வயதில் மறைந்தார்.

வீடு கட்டப் போகும் நண்பர்களே, கடன் வாங்குவதற்கு முன்னால் கட்டுமானச் செலவைக் குறைப்பது பற்றி அவர் எழுதிய சிறு கையேடுகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.