எல்லைப்புறத்து ஏடுகள்

நம் கலாசாலை நூல்நிலையத்தின் பின்கட்டிலே பழைய ஆண்டு மலர்களும் பதிவேடுகளும் அடுக்கியிருக்கும் மர அலமாரியை நேயர்களிற் பலர் அறிவர். 2011ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, 1957ஆம் ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க விரும்புகிறோம் என்று யாம் அங்கிருந்த அலுவலரிடம் கேட்டோம். எதற்கென்று அவர் வினவவுமில்லை. கால்மணி நேரத்திற்குள் தூசி தட்டிக் கொணர்ந்து எம்முன் வைத்தார். புகுமுக வகுப்பு மாணாக்கர் வரிசையில் எம் அன்னையாரின் தமையனார் பெயரும், ஊரும், பிறந்த தேதியும், செலுத்திய சம்பளமும் நீல மையில் அழகாக எழுதப்பட்டிருந்தன. எம் அம்மானைக் குறித்து யாம் எளிதிற் பெற்ற ஏடு அஃது ஒன்றே.

அம்மான் 1959இல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவிற் சேர்ந்தார். 1962 செப்டம்பரில் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் இடத்தின் பெயர் இல்லை. ராணுவத் தபால் நிலையத்தின் எண் மட்டுமே இருந்தது. குளிர் மிகுதியென்றும், கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பக்கூடுமா என்றும் எழுதியிருந்தார். சர்க்கார் தம் சிப்பாய்க்குக் கம்பளி கொடாரோ என்று பாட்டனார் ஐயுற்றாராம். ஆயினும் சட்டை அனுப்பப்பட்டது. அது போய்ச் சேர்ந்ததா என்பதை அறியோம். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் வைகறையில், வடகிழக்கு எல்லைப்புறத்தே, தாக்லா மலைமுகட்டின் அடிவாரத்தில் நம்கா சூ என்னும் மலையாற்றங்கரையிற் காவல் நின்ற ஏழாவது காலாட்பிரிகேடைச் சீனப்படை சில மணி நேரத்திற்குள் சிதைத்துவிட்டது. அதன் தலைவரான பிரிகேடியர் தால்வியும் சிறைப்பட்டார். நவம்பரில் எம் பாட்டனார் வீட்டிற்கு ஒரு தந்தி வந்தது. காணவில்லை, இறந்திருக்கக்கூடும் என்பதே அதன் செய்தி.

பாட்டியார் 1981இல் கண்மூடுமளவும் ‘கூடும்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கைவிட்டாரில்லை. அம்மானுடைய தகரப்பெட்டியைத் திறக்க எவரையும் விட்டதுமில்லை. உண்மை தெரியாத வீட்டிலே கதைகள் குடியேறுவது இயல்பன்றோ? கம்பியில்லாத் தந்திப் பெட்டியினருகே மாண்டார் என்று ஒருவர் சொன்னார். பூட்டான் வழியே தப்பியோரும் உண்டாதலின், அவர்களுள் எம் அம்மானும் ஒருவரென இன்னொருவர் சொன்னார். ஓடிப்போய்விட்டார் என்று திண்ணையில் ஒருவர் சொல்ல, அது முதல் அவ்வீட்டோடு எம் பாட்டனார் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அப்போரில் நேர்ந்த தோல்வியை ஆராயும்படி, அவ்வாண்டின் இறுதியிற் புதிய சேனாபதி ஜெனரல் சௌதுரி இரண்டு அதிகாரிகளை ஏவினார். ஒருவர் லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ். மற்றவர் விக்டோரியா கிராஸ் பெற்ற பிரிகேடியர் பகத். அவர்தம் அறிக்கை 1963இல் முடிவுற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள் பாதுகாப்பு மந்திரி சவான் பாராளுமன்றத்தில் அதன் சாரத்தைச் சொல்லி, முழு அறிக்கையையும் வெளியிடுவதற்கில்லை என்று முடித்தார். அன்று அம்முடிவைக் குறைகூற யாம் துணியோம். போர் ஓய்ந்து ஓராண்டும் நிரம்பாத காலம் அது. ஆனால் 2010லும் பாதுகாப்பு மந்திரி அந்தோணி, அவ்வறிக்கை இன்றும் படைநடவடிக்கைகளுக்குப் பயன்படுவதாகலின் வெளியிடலாகாது என்றே பாராளுமன்றத்தில் அறிவித்தார். நாற்பத்தேழு ஆண்டு கழிந்தும் மாறாத போர்முறை எதுவோ!

பதிவேட்டைக் கண்ட அந்த வாரமே யாம் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதினோம். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் விடை. கேட்டவை இரண்டே. அவ்வறிக்கையில் ஏழாவது பிரிகேடைப் பற்றிய பகுதி ஒன்று. எம் அம்மான் கடைசியாக எங்கே, எந்நாளிற் காணப்பட்டார் என்பது மற்றொன்று. விடை இருபத்தொன்பதாம் நாள் வந்தது. முதலாவது, சட்டத்தின் 8(1)(அ) பிரிவின்கீழ், நாட்டின் பாதுகாப்புக் கருதி விலக்கப்பட்டது என்றும், இரண்டாவதற்கு ஆவணம் இல்லை என்றும் கண்டிருந்தது. மேல்முறையீடு செய்தோம், அதே வாசகம் வேறொரு கையெழுத்துடன் திரும்பியது. பத்திரிகையாசிரியர் குல்தீப் நய்யரே இவ்வறிக்கையைக் கேட்டு, மத்திய தகவல் ஆணையம் வரையிற் சென்று, வெறுங்கையோடு திரும்பினாராதலின், எமக்கு அதிகம் மனக்குறை தோன்றவில்லை.

அச்சட்டத்தை யாம் பழித்துரைக்கவில்லை. 1923இல் ஆங்கில ஆட்சியார் இயற்றிய அலுவலக இரகசியச் சட்டம் ஒன்றே ஆண்டுகொண்டிருந்த இந்நாட்டிலே, காக்கப்படும் நலன்களுக்கு வரும் தீமையினும் வெளியிடுவதால் வரும் பொதுநன்மை பெரிதாயின் வெளியிடலாம் என்று 8(2) பிரிவு சொல்லுவது சிறிய காரியமன்று. மறைக்கவேண்டிய வரிகளை மட்டும் நீக்கி ஏனையவற்றைக் கொடுக்கவும் பத்தாவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால் எல்லையென்ற சொல் வந்தவுடன் கைகள் அஞ்சுகின்றன. எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத்திய எல்லைக் காவற்படை, அசாம் ரைபிள்ஸ் முதலியவற்றை 24ஆம் பிரிவு சட்டத்தின் வெளியே நிறுத்திவிடுகிறது. ஊழல், மனித உரிமை மீறல் என்ற இரண்டுக்கு மட்டுமே அங்கே வாயிலுண்டு. வெறும் கவனக்குறைவுக்கு வாயில் இல்லை; எல்லையிலே சிப்பாய்களைக் கொல்வது பெரும்பாலும் அதுதான் என்பது எம் எண்ணம்.

2014 மார்ச்சில், லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் புதுடில்லி நிருபராய் முன்னாளில் இருந்த நெவில் மாக்ஸ்வெல், தம்மிடம் நெடுங்காலம் இருந்த அவ்வறிக்கையின் ஒரு பெரும்பகுதியை இணையத்தில் வெளியிட்டார். 1970இல் அவர் எழுதிய நூலுக்கு அதுவே ஆதாரம். நம் பாராளுமன்ற அங்கத்தினரும் காணாத ஏட்டை அந்நிய நிருபர் ஒருவர் கண்டு நூலும் எழுதிவிட்டார் என்றால், இரகசியம் யாரிடமிருந்து காக்கப்பட்டது? மாணாக்கர் ஒருவர் அச்செடுத்துக் கொடுக்க, மூன்று இரவு படித்தோம். அம்மான் பெயர் இல்லை; அத்தகைய அறிக்கையிற் சிப்பாய்களின் பெயர் இராதென்பதை முன்னரே அறிவோம். ஆயினும் ஓரிடத்திலே மேலே செல்லமாட்டாமல் நின்றுவிட்டோம்.

1961 நவம்பர் 2ஆம் நாள் பிரதம மந்திரி நேரு கூட்டிய கூட்டத்தில், எல்லையை நோக்கி முன்னேறிக் காவற்சாவடிகள் அமைக்கவேண்டுமென முடிவாயிற்று. கூடவே, அச்சாவடிகளுக்குப் பின்னே, உணவும் வெடிமருந்தும் எளிதிற் சேரும் இடங்களிற் பெரும்படைகளை நிறுத்த முயலவேண்டும் என்றும் அதே முடிவிற் கண்டிருந்தது. டிசம்பர் 5ஆம் நாள் படைத் தலைமையகத்திலிருந்து கீழே சென்ற கட்டளையிலே முன்னது இருந்தது, பின்னது இல்லை. சாவடிகள் முன்னே சென்றன. பின்னே படை இல்லை. மறு ஆண்டு ஜூனில் தாக்லாவின் அடியில் எழுந்த தோலாச் சாவடியும் அவ்வகையினதே. அதனைக் காக்கவே ஏழாவது பிரிகேடு அவ்வாற்றங்கரைக்கு ஏவப்பட்டது.

அப்பகுதியைத் தமிழிற் பெயர்த்து எம் அன்னையாருக்கு வாசித்தோம். அவருக்கு அப்பொழுது வயது அறுபத்தெட்டு. இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

“ஒரு கடிதத்திலே ஒரு பத்தி விட்டுப்போயிற்று என்கிறாய். இதையா ஐம்பது வருஷம் பூட்டிவைத்தார்கள்?” என்றார்.

ஆம் என்றோம்.

“அண்ணன் ஓடிப்போகவில்லை என்று இதிலே இருக்கிறதா?”

இல்லை என்றோம். அவர் அடுக்களைக்குப் போய்விட்டார்.

கார்கில் போரின் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பெற்று, 2000 பிப்ரவரியிற் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. போர் முடிந்து எட்டு மாதங்கூட நிரம்பவில்லை. அதனால் எந்த மலையும் பறிபோனதாக யாம் கேட்டதில்லை. 2021 ஜூனிற் பாதுகாப்பு அமைச்சகம், போர் ஏடுகளைச் சாதாரணமாக இருபத்தைந்து ஆண்டுகளில் வெளிப்படுத்துவதென ஒரு கொள்கை வகுத்தது. ‘சாதாரணமாக’ என்ற சொல்லைக் கண்டதும் பாட்டியார் பிடித்துக்கொண்டிருந்த ‘கூடும்’ எமக்கு நினைவு வந்தது. புரூக்ஸ் அறிக்கையைச் சர்க்கார் முறைப்படி வெளியிட்டதாக இன்னும் யாம் கேள்வியுறவில்லை.

சென்ற மாதம் புதியதொரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். இம்முறை அறிக்கையைக் கேட்கவில்லை. ஏழாவது பிரிகேடின் 1962 அக்டோபர் மாதப் போர்நாட்குறிப்பில், சிக்னல்ஸ் பிரிவினரைப் பற்றிய பக்கங்களை மட்டும், மறைக்கவேண்டியவற்றை மறைத்தே கொடுக்கலாமெனக் கேட்டிருக்கிறோம். அம்மானுடைய ராணுவ எண்ணுடன், அடையாளத்திற்காக, நம் கலாசாலைப் பதிவேட்டின் நகலையும் இணைத்தோம். பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு வந்திருக்கிறது. முப்பது நாள் நிரம்ப இன்னும் பதினொரு நாள் உண்டு. தபால்காரர் வரும் வேளையில் எம் அன்னையார் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்.