இறங்கியவர் ஏறினாரா

மணிமேகலையில் ஆபுத்திரன் கப்பலைத் தவறவிடும் இடத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருத்தி கை தூக்கிவிடுவாள். பாண்டி நாட்டில் மழை பெய்து பசி தீர்ந்துவிட்டது. அமுதசுரபியை நீட்டினால் வாங்க ஆளில்லை. சாவகத்தில் மழையில்லாமல் மக்கள் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு மரக்கலம் ஏறுகிறான். காற்று மிகுந்ததால் கலம் பாய் இறக்கி மணிபல்லவத் தீவில் தங்குகிறது. அவன் இறங்குகிறான். இறங்கியவன் ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு இரவிலேயே பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். சாத்தனார் அந்த இடத்தில் நிற்பதே இல்லை, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். ஆளில்லாத தீவில், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க ஒரு உயிர் இல்லாமல் நிற்கிறான் ஆபுத்திரன். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர்விடுகிறான்.

“கிளம்புறதுக்கு முன்ன தலைய எண்ணிப் பாக்க மாட்டாங்களா மேம்?”

வருடா வருடம் வரும் கேள்வி. கேட்பது எப்போதும் பெண்பிள்ளைதான். ஆண்பிள்ளைகளுக்குக் கோமுகியின் மேல்தான் கண். கப்பல் போய்விட்டால் என்ன, அடுத்த கப்பல் வரும் என்கிற நிம்மதி அவர்கள் முகத்தில் இருக்கும்.

ஆபுத்திரன் எங்கள் பக்கத்துப் பிள்ளை. அவன் தாய் சாலி, வாரணாசிக்காரி, பார்ப்பனன் மனைவி. ஒழுக்கம் தவறியதற்குக் கழுவாயாகக் குமரியில் நீராட வந்தவள். கொற்கையைத் தாண்டி ஒரு காவதத் தூரத்தில், இடையர் குடியிருப்புப் பக்கம் பிள்ளையைப் பெற்றாள், போட்டுவிட்டு நடந்தாள். வாரணாசியிலிருந்து குமரிவரை நடந்தவளை ‘எத்தனை மணிக்குத் திரும்புவாய்’ என்று கேட்க யாரும் இல்லை. திரும்பிப் போக இடம் இல்லாதவளுக்குத்தான் நேரக் கெடுவும் இல்லை. இந்த இடத்தில் வகுப்பில் சத்தம் நின்றுவிடும். நான் மேலே விளக்குவதில்லை.

2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘கோரல் அட்வெஞ்சரர்’ என்ற சிறிய சுற்றுலாக் கப்பல், ஆஸ்திரேலியாவைச் சுற்றிவர 60 நாள் பயணம். முதல் நிறுத்தம் லிசார்ட் தீவு. கூட்டத்தோடு குன்றேறப் போன 80 வயதுப் பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லை. கூட்டம் மேலே போனது, அவர் தனியே கீழே இறங்கத் திரும்பினார். பொழுது சாய்ந்தபோது கப்பல் கிளம்பிவிட்டது. அவர் இல்லை என்று தெரிந்து சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். மறுநாள் உடல் கிடைத்தது. ஆட்களை எண்ணாமலே கிளம்பியதாகத் தோன்றுகிறது என்று அவர் மகள் வெளிப்படையாகச் சொன்னார். சாத்தனார் காலத்து மரக்கலத்தில் சீட்டு இல்லை, கணினி இல்லை. இந்தக் கப்பலில் எல்லாம் இருந்தன. இருந்தும் ‘இறங்கியவர் ஏறியிருப்பார்’ என்ற அதே நினைப்பு. தனியாக வந்த கிழவி. கூப்பிட்டுத் தேட பக்கத்து இருக்கையில் ஆளில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் இன்னொன்று. ஆப்பிரிக்கக் கரையோரம் சாவோ தோமே தீவில் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு ‘நார்வீஜியன் டான்’ கிளம்பியது. அவர்கள் சொந்த ஏற்பாட்டில் தீவைச் சுற்றப் போயிருந்தார்கள், திரும்பத் தாமதமாகிவிட்டது. கடலோரக் காவல்படை படகில் கொண்டுபோய் அருகில் நிறுத்தியும் கப்பலில் ஏற்றவில்லை. அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி. ஒவ்வொரு நாடாகத் தாண்டி, செனகலில் போய்க் கப்பலைப் பிடித்தார்கள். இந்தக் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தானாக இறங்கிப் போனால் காத்திருக்காது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுச் சட்டமும் இதுதான். அண்ணன் கூட்டிப்போனால் பத்து மணி ஆனாலும் வாசல் விளக்கு எரியும். தனியாகப் போனால் ஆறரைக்கு மேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

பெண்ணோடு கடல் கடந்து போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு நூற்பா இருக்கிறது. உரைகாரர்கள் அதை இழுத்துப் பிடித்துப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் பொருள் கொண்டாலும் கரையில் நிற்பது அவள்தான். கார்காலத்தில் வருவேன் என்று நாள் குறிப்பவன் தலைவன், நாளை எண்ணுகிறவள் தலைவி. இதற்கு விலக்காக மணிமேகலை மணிபல்லவத்துக்குப் போனாள். அதுவும் தானாகப் போகவில்லை, தூங்கும்போது தெய்வம் தூக்கிக்கொண்டு போனது. போன கையோடு அந்தத் தெய்வம் செய்த காரியங்களில் ஒன்று, திரும்பி வந்து சுதமதியை எழுப்பி, ஏழாம் நாள் வந்துவிடுவாள் என்று வீட்டுக்குத் தகவல் சொன்னது. தெய்வமே ஆனாலும் பெண்பிள்ளையைக் கூட்டிப்போனால் திரும்பும் நாளைச் சொல்லிவிட வேண்டும்.

நான் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து மாணவ மாணவியரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிறேன். ராதாபுரத்திலிருந்து அஞ்சுகிராமம் வழி பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறை. கடலில் அரைக் கிலோமீட்டர் தூரம்தான். காலை 8 மணிக்குத் தொடங்கும் சீட்டு மாலை 4 மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு பாறையில் இருப்பவர்களைக் கரைசேர்க்கும் வேலைதான். முக்கடலும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வழியில்லை. 2000 ஜனவரி 1 அன்று 133 அடி வள்ளுவர் சிலை திறந்தார்கள். 2024 டிசம்பர் 30 அன்று பாறையையும் சிலையையும் இணைத்து 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பார்க்க வேண்டியது கூடிக்கொண்டே போகிறது. கரை திரும்ப வேண்டிய நேரம் மட்டும் நகரவில்லை.

ஒரு வருடம் பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் ‘ஊர் திரும்ப வேண்டிய நேரம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன், பேருந்து ஏற்பாட்டுக்காக. பையன்களின் கடிதங்களில் அந்த வரி காலி. இரண்டு பேர் மட்டும் ‘இரவு’ என்று எழுதியிருந்தார்கள். பெண்களின் கடிதங்களில் 6.00, 6.30, 5.45, ‘விளக்கு வைக்கும் முன்’, ‘கட்டாயம் 6’. கட்டாயம் என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அது கடற்கரைக் கிராமத்துப் பிள்ளையின் கடிதம். அவள் அண்ணன் அபுதாபியில் இருந்தான். வீட்டில் எல்லாம் அவன் சொல்படிதான். இங்கே ஆறு அடிக்கும்போது அங்கே நாலரை. வேலை முடிவதற்கு முன்பே தங்கை வீட்டில் இருக்கிறாளா என்று காணொலியில் அழைத்துப் பார்த்துவிடுவான். சுற்றுலாக் கப்பல்களில் கப்பல் நேரம் ஒன்று, தீவு நேரம் ஒன்று, குழம்பினால் போச்சு என்பார்கள். இவளுக்கும் அதுதான். ஒருநாள் பிந்தினாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தான். வெறும் மிரட்டல் இல்லை. அவள் அக்காவுக்கு அது நடந்திருந்தது.

அன்று அலை கூடிப்போய் சிலைக்குப் படகு விடவில்லை. பாறையில் கூட்டம், திரும்பும் வரிசை வளைந்து வளைந்து நின்றது. ஆரஞ்சு நிறக் காப்புச் சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் துறையிலிருந்து ஓடினாள். அவள் ஊருக்குள் போகிற நகரப் பேருந்து ஒன்றுதான் அந்த நேரத்துக்கு. சட்டையை நான் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குத் துணையாக இன்னொருத்தியும் ஓடினாள். 5.52க்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் படம் அனுப்பினாள், மூச்சு வாங்கும் முகம்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். “பாறையில என்னட்டி பாத்த?”

“மணி பாத்தேன் மேம்.”

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அந்தப் பாறைக்கு விவேகானந்தர் 1892 டிசம்பரில் நீந்திப் போனதாகச் சொல்வார்கள். மூன்று நாள் இருந்தார். ஓர் ஆண் மூன்று நாள் திரும்பாமல் இருந்த இடத்தில் 1970இல் நினைவு மண்டபம் எழுந்தது. அவருக்கு முன்பே அது ஸ்ரீபாதப் பாறை. ஒற்றைக் காலில் தவம் நின்றவள் பகவதி, அவள் பாதத்தடம் அங்கே இருக்கிறது. சுசீந்திரத்திலிருந்து நள்ளிரவு முகூர்த்தத்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளை, சேவல் கூவியதைக் கேட்டு விடிந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பிவிட்டார். கூவியது நாரதர். கல்யாணச் சோற்றுக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் கரையில் கிடக்கும் வண்ண மணல் என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள். மாப்பிள்ளை நேரம் தவறியதற்கு அவரை யாரும் கேட்கவில்லை, சுசீந்திரத்தில் சௌக்கியமாக இருக்கிறார். காத்திருந்தவளின் மூக்குத்தி வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதின என்று சொல்லி, அவளுடைய கிழக்கு வாசலைத்தான் வருடத்தில் சில நாள் தவிர அடைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வரகுணபாண்டீஸ்வரர் கோவில் அம்மனுக்கு நித்திய கல்யாணி என்று பெயர். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒருத்தி எந்நாளும் கல்யாணப் பெண், ஒருத்தி எந்நாளும் கன்னி.

2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள், விடுதிக் கதவை இரவு ஒன்பதரைக்கு அடைப்பதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. ஆண் பெண் இரு விடுதிக்கும் ஒரே விதி என்று அரசு உத்தரவு போட்டது. அதை வகுப்பில் சொன்னபோது ஒருத்தி, “ஒன்பதரையா மேம்?” என்று வாய் பிளந்தாள். வழக்கு அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்த ஒன்பதரைதான் தெரிந்தது. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எங்கள் பக்கத்துப் பெண்களைக் கல்லூரிக்கும் தையல் வேலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் கண்ணால் பார்த்தது. ஆனால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் கட்டணம் தீர்மானிப்பதில்லை. இலவசமாகப் போகலாம், ஏழு மணிக்கு மேல் இலவசமாகத் திரும்ப வண்டி இல்லை.

அப்பா இறந்த இரண்டாம் வருடம் அம்மாவைப் பாறைக்குக் கூட்டிப்போனேன். 72 வயது. கன்னியாகுமரியில் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறாள், கோவிலுக்குப் போயிருக்கிறாள், படகேறியதில்லை. “அதுக்கெல்லாம் நேரம் ஏது, அந்தானிக்க வந்துரணும்லா” என்பாள். பாறையில் காற்று புடவையைப் பிடுங்கியது. தியான மண்டபத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தவள் மூன்றரையிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

“மணி என்னட்டி?”

“எதுக்கும்மா, வீட்டுல யாரு இருக்கா?”

யோசித்தாள். “கோழி அடைக்கணும்லா.”

“மைனி அடைப்பா. சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. காலை நீட்டிக்கொண்டாள். வெளியில் வந்தால் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வள்ளுவர் சிலைக்குப் பின்னால் ஒரு கட்டுமரம் அசைந்து கொண்டிருந்தது, அதையே பார்த்தாள். காவலாளி விசில் ஊதி எல்லோரையும் படகுத்துறைக்கு விரட்டினார். கூட்டம் எழுந்தது. அம்மா எழவில்லை.

“அவுகள்லாம் போவட்டு. நாம கடைசில போவம்.”

கடைசிப் படகில்தான் வந்தோம். ஏறும்போது பணியாள் ஒருவர் விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டு நின்றார். அம்மா அவர் முன்னால் ஒரு நொடி நின்று, தன்மேல் விரல் வந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தாள்.